கதையை எங்கே நிறுத்துவது?
பல்லவர் – சாளுக்கியர் போர்களும் ஆங்கிலேயர் – பிரெஞ்சியர் போர்களும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தணிகை மலையின் 365 படிகளை ஏறும் அடியவர் கூட்டம் ஆண்டு முழுதும் ஓய்வதில்லை. மலைக்குக் கீழே, அக்கூட்டத்தின் கண்ணில் அதிகம் படாத சிறு கற்றளி ஒன்று உண்டு. வீரட்டானேசுவரர் கோயில் என்பது அதன் பெயர். யானையின் பின்புறம்போல் வளைந்த கருவறை உடையது; தூங்கானை மாடம் என்று நூலோர் கூறும் வகையைச் சேர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னன் அபராசிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் இதனைக் கல்லால் எடுப்பித்தார். அச்செய்தியைக் கூறும் வெண்பா ஒன்று கோயிலில் வெட்டப்பட்டுள்ளது. அதனை அடுத்து வரும் குறிப்பு, அவ்வெண்பாவை மன்னனே பாடினான் என்கிறது. நாடாண்ட அரசன் ஒருவன் தன் குடிமகன் செய்த திருப்பணியைப் பாராட்டித் தானே வெண்பா யாத்தான் என்பது இவ்வூர்க் கவிஞர் ஒவ்வொருவரும் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தியாகும்.

அபராசிதன் என்னும் பெயருக்கு வெல்லப்படாதவன் என்பது பொருள். ஆயினும் அவன் வெல்லப்பட்டான். ஆதித்த சோழன் பல்லவனை வென்று தொண்டை நாட்டைக் கைக்கொண்டதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. உயர்ந்த யானைமேல் இருந்த பல்லவன்மீது ஆதித்தன் பாய்ந்து அவனைக் கொன்றதாக வீரராசேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு கூறுகிறது. இக்கோயிலின் வெண்பா அந்த முடிவை அறியாது. அது பாடப்பட்ட நாளில் மன்னன் வெல்லப்படாதவனாகவே இருந்தான். கல்லில் அவன் இன்றும் அவ்வாறே இருக்கிறான்.

இதிலிருந்து ஒரு வினா பிறக்கிறது. நீண்ட போர்களில் வென்றவர் யார் என்பதை முடிவு செய்வது போர்க்களமா, அல்லது கதை சொல்பவன் தன் கதையை நிறுத்தும் இடமா? போரைப் பாடும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது. இதற்கு விடை தேட, உலக வரலாற்றில் புகழ்பெற்ற நெடும்போர் ஒன்றையும், இம்மண்ணிலேயே நிகழ்ந்த நெடும்போர் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

நூற்றாண்டுப் போர்

மேனாட்டு வரலாற்றாசிரியர் நூற்றாண்டுப் போர் என வழங்குவது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1337 முதல் 1453 வரை நிகழ்ந்த போர்த்தொடர். உண்மையில் அது 116 ஆண்டுகள் நீடித்தது. இடையிடையே உடன்படிக்கைகளும் அமைதிக் காலங்களும் வந்து போயின. பிரெஞ்சு அரியணைக்குத் தாயின் வழியில் தனக்கு உரிமை உண்டு என்று இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு கோரியது அதன் காரணங்களுள் ஒன்று. பிரான்சின் தென்மேற்கில் ஆங்கில மன்னர் வைத்திருந்த நிலங்கள் பற்றிய பூசல் மற்றொன்று.

1346-இல் கிரேசிக் களத்தில் ஆங்கில வில்லாளிகள் பிரெஞ்சுக் குதிரை வீரரைச் சிதறடித்தனர். 1356-இல் புவாத்தியேக் களத்தில் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் ழான் சிறைப்பட்டான். 1360-இல் பிரெத்தினி உடன்படிக்கை வழியாகப் பிரான்சின் பெரியதொரு பகுதி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. கதையை இங்கே நிறுத்தினால் வென்றவர் ஆங்கிலேயர்.

அடுத்த இருபது ஆண்டுகளில் நிலை மாறியது. ஐந்தாம் சார்லசு மன்னனும் அவன் படைத்தலைவன் துய் கெக்லேனும் பெரும் களங்களைத் தவிர்த்து, கோட்டை கோட்டையாக நாட்டை மீட்டனர். 1380-இல் அம்மன்னன் இறந்தபோது, கலே, பொர்தோ போன்ற சில இடங்களே ஆங்கிலேயரிடம் எஞ்சின. இங்கே நிறுத்தினால் வென்றவர் பிரெஞ்சியர்.

1415-இல் ஐந்தாம் என்றி அழான்கூர்க் களத்தில் மீண்டும் வென்றான். 1420-இல் துருவா உடன்படிக்கை அவனையே பிரெஞ்சு அரியணையின் வாரிசாக ஏற்றது. இரண்டே ஆண்டுகளில், 1422-இல், அவன் இறந்தான். 1429-இல் ழான் தார்க் என்னும் உழவர் குலப் பெண் ஓர்லேயான் நகரின் முற்றுகையை முறியடிக்க வழிநடத்தினாள். 1431-இல் அவளை உயிருடன் எரித்தனர். 1453-இல் கசுத்தியோன் களத்தில் ஆங்கிலேயர் தோற்றனர். பிரான்சு மண்ணில் கலே என்னும் துறைமுகம் மட்டுமே அவர்களிடம் எஞ்சியது. அதுவும் 1558-இல் கைவிட்டுப் போனது. ஆயினும் இங்கிலாந்து மன்னர்கள் பிரான்சு மன்னர் என்னும் பட்டத்தை 1801 வரை விடாது சூடியிருந்தனர். களம் முடிந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பட்டம் முடியவில்லை.

இந்தப் போரைத் தமிழ் மாணவர் பலர் அறிந்தது சேக்சுபியரின் ஐந்தாம் என்றி நாடகத்தின் வழியாகவே. அந்நாடகம் அழான்கூர் வெற்றியோடும் திருமண உடன்பாட்டோடும் முடிகிறது. ஆனால் அப்பெருங்கவிஞன் ஒரு செயல் செய்தான். திரை விழுமுன் உரைகாரனை மேடையேற்றி, இம்மன்னன் மகனின் காலத்தில் பிரான்சு கைநழுவியதையும் இங்கிலாந்து குருதி சிந்தியதையும் சொல்ல வைத்தான். வெற்றியில் மகிழ்ந்திருந்த அவையோர்க்கு அடுத்த ஏட்டையும் காட்டிவிட்டே அனுப்பினான்.

புள்ளலூர் முதல் வாதாபி வரை

இத்தகைய போர் ஒன்று, அதற்கு ஏழு நூற்றாண்டுகள் முன்பே, காஞ்சிக்கும் வாதாபிக்கும் இடையே நிகழ்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல்லவரும் சாளுக்கியரும் மாறி மாறி வென்றனர். மாறி மாறித் தோற்றனர்.

முதற்கட்டத்தைச் சொல்பவன் ஒரு கவிஞன். கருநாடகத்தின் ஐகொளெயில் மேகுடிக் குன்றின் சமணக் கோயிலில் இரவிகீர்த்தி என்பவன் வடமொழியில் பாடிய மெய்க்கீர்த்தி உள்ளது. அதன் காலம் கி.பி. 634–35. இரண்டாம் புலிகேசியின் படை எழுப்பிய தூசி பல்லவன் ஒளியை மறைத்ததாகவும், பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கியதாகவும் அது கூறுகிறது. அதே பாடலில் இரவிகீர்த்தி தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரானவன் என்று சொல்லிக்கொள்கிறான். மன்னன் வெற்றியும் புலவன் புகழும் ஒரே கல்லில் ஏறின.

எதிர்ப்பக்கத்துச் சான்று வேறு கூறுகிறது. காஞ்சிக்கு அண்மையில் உள்ள புள்ளலூரில் மகேந்திரவர்மன் தன் பகைவரை அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடுகள் உரைக்கின்றன. பகைவர் யார் என்று அவை பெயர் சுட்டவில்லை. அச்செப்பேடுகள் நிகழ்ச்சிக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்டவை. ஒரே படையெடுப்பின் முன்பகுதியை இரவிகீர்த்தியும் பின்பகுதியைப் பல்லவரும் தத்தமக்கு ஏற்பச் சொன்னார்கள் என்று கொள்ள இடமுண்டு.

மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன், மாமல்லன் எனப் பெயர் பெற்றவன். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் அவன் புலிகேசியை வென்றதைக் கூரம் செப்பேடுகள் கூறுகின்றன. அவ்விடத்தில் ஓர் உவமை வருகிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாகக் கொண்டு வெற்றி என்னும் சொல்லை அவன் எழுதினானாம். போரையும் எழுத்தையும் இவ்வளவு நெருக்கமாக இணைத்த உவமை அரிது. எழுதியவன் எழுத்தாணி வாள். ஏடு மனித உடல்.

642-இல் வாதாபி வீழ்ந்தது. அந்நகரத்துப் பாறையிலேயே பல்லவ மன்னனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. படையை நடத்திய பரஞ்சோதியார் பின்னாளில் சிறுத்தொண்ட நாயனாராக வணங்கப்பெற்றார். இங்குச் சேக்கிழார் பெருமான் செய்ததை நோக்க வேண்டும். வாதாபியை நொறுக்கி யானைகளும் பொன்னும் மணியும் கொணர்ந்த பெருவெற்றியைப் பெரியபுராணம் ஓரிரு பாடல்களில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. படைத்தொழிலை விட்டு அடியார்க்கு அமுதூட்டிய பிற்கால வாழ்வுக்கே புராணத்தின் பெரும்பகுதியும் ஒதுக்கப்பட்டுள்ளது. படைத்தலைவன் கதையை வாதாபியில் நிறுத்தாமல் திருச்செங்காட்டங்குடி வரை கொண்டு சென்ற கவிஞர் சேக்கிழார்.

வாதாபிக்குப் பின்

தமிழ் மக்கள் மனத்தில் இப்போர் வாதாபியோடு முடிந்துவிட்டது. கல்கி 1944 முதல் 1946 வரை தொடராக எழுதிய சிவகாமியின் சபதம் அந்த வெற்றியை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அந்நாவல் வெற்றியை மட்டும் பாடியது என்று சொல்வது பிழை. சபதம் நிறைவேறியபின் சிவகாமிக்கு எஞ்சும் வெறுமையே அதன் இறுதி. ஆயினும் பட்டிமன்றங்களிலும் கவியரங்குகளிலும் அந்த வெறுமை பேசப்படுவதில்லை. எரியும் வாதாபியே பேசப்படுகிறது.

வாதாபிக்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் காணலாம். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டான். 674-ஆம் ஆண்டின் கத்வால் செப்பேடுகள், அவன் காஞ்சியைக் கைப்பற்றி, மாமல்லன் குலத்தை அழித்து, காவிரியின் தென்கரையில் உறையூரில் பாசறை இட்டிருந்தான் என்று கூறுகின்றன. பல்லவரின் கூரம் செப்பேடுகளோ, முதலாம் பரமேசுவரவர்மன் அதே விக்கிரமாதித்தனைத் தோற்கடித்து, கந்தல் துணியோடு தனியே ஓடச் செய்தான் என்கின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்து ஆவணங்கள். இரண்டும் தாமிரத்தில் எழுதப்பட்டவை. சூரியனும் சந்திரனும் உள்ளளவும் நிலைக்க வேண்டும் என்று எழுதப்பட்டவை. ஒவ்வொன்றும் மற்றதன் வெற்றியை அறியாததுபோல் பேசுகிறது. கத்வாலை மட்டும் படித்தவனுக்குப் பெருவளநல்லூர்க் களத்தில் பல்லவன் வென்றது தெரியாது. கூரத்தை மட்டும் படித்தவனுக்குக் காஞ்சி வீழ்ந்தது தெரியாது.

இவற்றுக்கு இடையே புலப்படாது போனோர் பலர். புள்ளலூரும் மணிமங்கலமும் வெறும் களப்பெயர்கள் அல்ல. ஏரியும் வயலும் உள்ள ஊர்கள். படை வந்து போன ஆண்டில் அவ்வயல்களில் விளைந்தது எவ்வளவு என்று எந்தச் செப்பேடும் கூறவில்லை. பிரான்சிலும் இதே நிலைதான். ஆங்கிலப் படைகள் களங்களில் வென்றது சில நாள்கள். ஊர்களை எரித்துச் சூறையாடிச் சென்றது பல பருவங்கள். அரசர் முடிசூடிய நாளை எழுதிய வரலாற்றுக் குறிப்புகளில் உழவன் வீடிழந்த நாள் அரிதாகவே இடம்பெற்றது.

அழிக்கப்படாத எழுத்து

இனி இப்போரின் மிக வியப்பான கட்டத்துக்கு வரலாம். இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் பெரும்பாலும் அமைதி நிலவியது. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் எழுந்தது. அதன்பின் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், ஏறத்தாழ 740-இல், காஞ்சிக்குள் நுழைந்தான். முன்னோர் வாதாபியில் பட்டதை அவன் அறியாதவன் அல்லன். பழிவாங்க அவனுக்குக் காரணம் இருந்தது.

அவன் நகரத்தை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் இறைவனுக்கே திருப்பி அளித்தான். அச்செய்தி கைலாசநாதர் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் கன்னட மொழியில் வெட்டப்பட்டது. இவ்வெழுத்தை அழிப்பவர் காஞ்சிக் கடிகையாரைக் கொன்ற பாவத்தை அடைவர் என்றும் அதில் எழுதினார்கள். கடிகை என்பது அந்நகரத்துக் கல்விக்கூடம். பகைவன் தன் எழுத்தைக் காக்க, தோற்ற நகரத்தின் கற்றோரையே துணைக்கு அழைத்தான்! அவன் மகன் கீர்த்திவர்மனின் 750-ஆம் ஆண்டுக் கேந்தூர்ச் செப்பேடுகளும், அக்கோயிலைக் கட்டிய பல்லவனின் பெயரை மறைக்காமல் கூறியே இக்கொடையைப் பதிவு செய்கின்றன.

வெற்றி வேறு வடிவிலும் வாதாபிப் பக்கம் சென்றது. விக்கிரமாதித்தனின் தேவி உலோகமாதேவி, காஞ்சி வெற்றிகளின் நினைவாகப் பட்டதகல்லில் எடுப்பித்த கோயில் இன்று விரூபாட்சர் கோயில் எனப்படுகிறது. அது கைலாசநாதரின் அமைப்பை ஒத்தது என்பது கலை வரலாற்றாசிரியர் பலரும் சுட்டும் செய்தி. காஞ்சியைக் கொள்ளச் சென்றவர்களைக் காஞ்சியின் கலை கொண்டுவிட்டது என்று கூறலாம்.

அடுத்தது இன்னும் முக்கியமானது. சாளுக்கியர் திரும்பிச் சென்றபின் இரண்டாம் நந்திவர்மன் காஞ்சியில் நெடுங்காலம் ஆண்டான். பகைவனின் கன்னட எழுத்து தன் முன்னோர் கோயிலில், தன் தலைநகரில், கண்முன்னே நின்றது. உளி கொண்டு அதைச் செதுக்கி எறிய ஒரு நாள் போதும். அது செதுக்கப்படவில்லை. இன்றும் கைலாசநாதர் கோயிலுக்குச் செல்வோர் அத்தூணைக் காணலாம். வாதாபிப் பாறையிலும் மாமல்லனின் கல்வெட்டு, சிதைந்த நிலையிலேனும், இன்றும் இருக்கிறது. தோல்வியின் சான்றைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு வாழ்ந்த இரு நகரங்கள் இவை. அவ்விரு எழுத்துகளும் எஞ்சியதால்தான் இன்று இருபக்கக் கதையையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது.

போரின் முடிவில் வென்றவர் யார்? ஏறத்தாழ 753-இல் இராட்டிரகூடத் தந்திதுர்க்கன் சாளுக்கியரை வீழ்த்தினான். பல்லவர் மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்து, அபராசிதனோடு ஒடுங்கினர். நூற்றாண்டுக்கு மேல் ஒருவரை ஒருவர் வென்றவர்கள் இருவரும் மூன்றாமவரிடம் தோற்றனர்.

சிறைப்பட்ட கவிஞர்கள்

கவிஞர் அவையில் இதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படும் சாசர், இளமையில் பிரான்சுப் படையெடுப்பில் சென்று பகைவரிடம் சிறைப்பட்டான். 1360-இல் அவனை மீட்க மன்னன் 16 பவுன் அளித்ததாகக் கணக்கு உள்ளது. பகைவரின் மொழியில் எழுந்த கவிதையைக் கற்று, அதன் யாப்பையும் முறைகளையும் தன் மொழிக்குக் கொணர்ந்தான். அழான்கூரில் பிணக்குவியலின் அடியிலிருந்து மீட்கப்பட்டுச் சிறைப்பட்ட ஓர்லேயான் கோமகன் சார்லசு, இங்கிலாந்தில் 25 ஆண்டுகள் சிறையிருந்தான். 1440-இல் விடுதலை பெற்றபோது அவன் பிரெஞ்சில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் கவிதை யாத்தவனாக இருந்தான். கிறிசுதீன் என்னும் முதிய பெண் கவிஞர் 1429-இல் ழான் தார்க்கைப் போற்றிப் பாடினார். ழானின் வெற்றியே அப்பாட்டின் பொருள். இரண்டு ஆண்டுகளில் அவளுக்கு நேரவிருந்த முடிவை அப்பாட்டு அறியாது. தணிகை வெண்பா தன் மன்னனின் முடிவை அறியாததுபோலவே.

போர் நடக்கும்போது பாடுபவனுக்கு அடுத்த ஏடு தெரியாது. அது அவன் குற்றமன்று. எழுநூறு ஆண்டும் ஆயிரம் ஆண்டும் கழித்துப் பாடுபவன் அடுத்த ஏட்டைத் தெரிந்தும் மூடிவைப்பதே குற்றம்.

தக்கோலம்

வெகுதொலைவு செல்ல வேண்டாம். திருத்தணிக்கு அருகிலேயே தக்கோலம் இருக்கிறது. 949-இல் அங்கே முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன், இராட்டிரகூட மூன்றாம் கிருட்டிணனின் படையை எதிர்த்து யானைமேல் இருந்தபடியே மாண்டான். அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன். பல்லவனை யானைமேல் வீழ்த்திய ஆதித்தனின் பேரன், யானைமேல் வீழ்ந்தான். தொண்டை நாடு கை மாறியது. கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் என்று அவ்வடபுலத்து மன்னன் பெயர் தொண்டை நாட்டுக் கோயில்களில் தமிழிலேயே வெட்டப்பட்டது. வென்றவன் வேற்று மொழியினன். எழுதிய மொழியோ இம்மண்ணின் மொழி.

தக்கோலப் போரைக் கூறும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று கருநாடகத்து ஆதகூர்க் கல்வெட்டு. இன்று அது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கல் நடப்பட்டது எந்த வீரனுக்காகவும் அன்று. தக்கோலத்தில் வீரம் காட்டிய மணலேரன் என்பவன், பரிசாக என்ன வேண்டும் என்று பூதுகன் கேட்டபோது, காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. அந்த நாயின் நினைவாக நட்ட கல்லில்தான் சோழ இளவரசனின் வீழ்ச்சி எழுதப்பட்டிருக்கிறது. வரலாறு எதன்மேல் எழுதப்படும் என்பதை வென்றவனும் முடிவு செய்ய முடிவதில்லை.

வேலஞ்சேரியும் எல்லையூரும்

1977-இல் திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று அபராசித பல்லவனுடையது. தணிகை முருகன் கோயிலோடு தொடர்புடைய கொடையைக் கூறுவது. மற்றொன்று முதலாம் பராந்தக சோழனுடையது; அதாவது, அபராசிதனை வென்ற ஆதித்தனின் மகனுடையது. தோற்றவன் ஏடும் வென்றவன் மகன் ஏடும் ஒரே ஊரில் காக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பேணியவர்கள் ஆட்சி மாறியவுடன் பழைய ஏட்டை உருக்கிவிடவில்லை. அவர்களுக்கு இரண்டும் தேவைப்பட்டன. நிலமும் வழிபாடும் இரண்டிலும் இருந்தன.

இவ்வூர்க்கு இந்தப் பாடம் பழையது. அண்மைக் காலத்ததும் ஆகும். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சென்றது. மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்கள் ஊர் ஊராகத் தமிழ் கற்பித்து எல்லை உணர்வை வளர்த்தனர். ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். படாசுகர் தீர்ப்பின் வழியே 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு ஈடாகச் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. தொல்காப்பியப் பாயிரம் வட எல்லையாகக் கூறும் வேங்கடம் அப்பால் நின்றது. இதையும் எங்கே நிறுத்துகிறோமோ அதற்கேற்ப வெற்றி என்றோ இழப்பு என்றோ பாடலாம். எல்லைக்கு அப்பால் சென்ற சிற்றூரில் தமிழ் படித்த பிள்ளைக்கும், இப்பால் வந்த சிற்றூரில் தெலுங்கு படித்த பிள்ளைக்கும் அந்த ஏப்ரல் நாள் வேறு வேறு பொருள் தந்திருக்கும். அவ்விருவர் கதையையும் சேர்த்தே சொல்லும் கவிதை எல்லையூர்க் கவிஞரிடமிருந்துதான் வர முடியும்.

இவ்வூரின் மைந்தர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையை இம்மலையில் பாடினார் என்பது மரபு. அதே தீட்சிதர்தாம் பின்னாளில் வாதாபி கணபதியையும் பாடினார். எரிக்கப்பட்ட பகை நகரின் பெயர் தமிழ்நாட்டுக் கச்சேரிகளின் தொடக்கத்தில் மங்கலச் சொல்லாக ஒலிக்கிறது. பாடுவோரும் கேட்போரும் அங்கே போரை நினைப்பதில்லை.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளோடு இவ்வுரை நிறைவு பெறுகிறது. வாதாபியைப் பாடுங்கள், அதைப் பாடும்போது கைலாசநாதர் தூணையும் ஒரு முறை சென்று காணுங்கள். இராசாதித்தனைப் பாடுங்கள், தக்கோலத்தின் வயல்களையும் பாருங்கள். மலையேறும் நாளில் படியேறுமுன் சற்று விலகி, வீரட்டானேசுவரர் கோயிலில் அபராசிதனின் வெண்பா முன் நில்லுங்கள். தோற்கவிருந்த மன்னன் ஒருவன், தன் வெற்றியைப் பாடாமல், மற்றொருவர் எழுப்பிய கோயிலைப் பாடினான். அவன் நாடு போயிற்று. அவன் குலமும் போயிற்று. நம்பி அப்பியின் பெயர் இருக்கிறது; அதைச் சொன்ன வெண்பாவும் இருக்கிறது.